கப்பா, கிலோவா? – அடுப்படிக் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அளவைப் பற்றியவை. அதனால் மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். கீழே ‘கப்’ என்று வரும் இடங்களில், வேறு அளவு சொல்லியிருந்தால் ஒழிய, 240 மில்லி பிடிக்கும் கப் என்று கொள்ளவும். எல்லாம் தலை தட்டிய அளவு.

கே: எங்கள் வீட்டு மைசூர்பாகு கணக்கு: கடலை மாவு ஒன்று, சர்க்கரை இரண்டு, நெய் இரண்டு. கப்பில் அளந்து செய்தால் நன்றாக வரும். தீபாவளிக்குக் கூடுதலாகச் செய்ய அரைக் கிலோ மாவு, ஒரு கிலோ சர்க்கரை, ஒரு கிலோ நெய் என்று எடை போட்டுக் கிளறினேன். வறண்டு, கல் மாதிரி ஆகி, மாவு வாடையும் அடித்தது. எங்கே தவறு? – வாசகி, விருதுநகர்

ப: கை பிசகவில்லை, கணக்குதான் பிசகிவிட்டது. உங்கள் வீட்டுக் கணக்கு கொள்ளளவுக் கணக்கு. அதை அப்படியே தராசில் ஏற்றினால் வேறு பண்டம்தான் வரும்.

200 மில்லி டம்ளரால் அளந்ததாக வைத்துக்கொள்வோம். சலித்த கடலை மாவு ஒரு டம்ளர் சுமார் 90 கிராம்தான் இருக்கும். மாவுக்குள் பாதிக்கு மேல் காற்று. சர்க்கரை இரண்டு டம்ளர் ஏறக்குறைய 335 கிராம். உருக்கிய நெய் இரண்டு டம்ளர் 365 கிராம். ஆக நீங்கள் வழக்கமாகச் செய்வது எடையில் 1 : 3.7 : 4. தீபாவளிக்குச் செய்தது 1 : 2 : 2. சர்க்கரை ஏறக்குறைய பாதியாகிவிட்டது. நெய் சரியாகப் பாதி. மாவு பொரிந்து வேகவே நெய் போதாதபோது பாகு நுரைத்து எழாது, கடைசியில் நெய்யைக் கக்கவும் கக்காது. வாடை நிற்பதும் வறண்டு போவதும் இதனால்தான்.

அரைக் கிலோ மாவுக்கு உங்கள் வீட்டுப் பக்குவம் வேண்டுமென்றால் சர்க்கரை 1 கிலோ 850 கிராம், நெய் 2 கிலோ. நெய்யை லிட்டர் பாட்டிலில் வாங்கினால் 2 லிட்டர் 200 மில்லி. ‘இவ்வளவா?’ என்று மலைக்க வேண்டாம். டம்ளரில் அளக்கும்போதும் இவ்வளவுதான் ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. மேலே சொன்ன 90 கிராம், சலித்துவிட்டுப் பிறகு லேசாக அள்ளிப் போட்ட மாவுக்கு. பாக்கெட்டிலிருந்து நேராக டம்ளரை விட்டு அழுத்தி எடுத்தால் 110-ஐத் தாண்டிவிடும். குறிப்பில் ‘ஒரு கப் சலித்த மாவு’ என்றிருந்தால் சலித்த பிறகு அளக்க வேண்டும். ‘ஒரு கப் மாவைச் சலித்து’ என்றிருந்தால் அளந்த பிறகு சலிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஐந்தில் ஒரு பங்கு மாவு வித்தியாசப்படும். உங்கள் டம்ளரால் நீங்கள் வழக்கமாக அள்ளுகிற விதத்திலேயே ஒரு முறை மாவை அளந்து, அதை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்தான் உங்கள் வீட்டுக்குச் சரியான எண்.

கே: ஒருவர் கப் 200 மில்லி என்கிறார், இன்னொருவர் 240, வேறொருவர் 250. எதைத்தான் நம்புவது? – வாசகர், திருப்பூர்

ப: மூன்றும் உண்மையே. அமெரிக்கக் குறிப்புகளில் கப் சுமார் 237 மில்லி. அவர்களுடைய உணவுப் பாக்கெட்டுகளின் சத்துப் பட்டியலில் 240. ஆஸ்திரேலியாவில் 250. ஜப்பானில் 200. எலெக்ட்ரிக் ரைஸ் குக்கருடன் வரும் சிறிய பிளாஸ்டிக் கப் இதில் எதுவும் இல்லை. அது 180 மில்லி, அதில் அரிசி 150 கிராம் பிடிக்கும். குக்கர் பாத்திரத்தின் உள்ளே போட்டிருக்கும் தண்ணீர்க் கோடுகளெல்லாம் அந்த 180 மில்லி கப்பை வைத்துப் போட்டவை. அது தொலைந்துபோய் வீட்டு டம்ளரால் அளந்தால், கோடு வரை தண்ணீர் ஊற்றியும் சோறு விறைத்துப் போவது இதனால்தான்.

இங்கே கடையில் விற்கும் கப் செட்டுகளில் 240-ம் உண்டு, 250-ம் உண்டு. கைப்பிடியிலோ அடியிலோ பொறித்திருக்கும், பார்த்து வாங்குங்கள்.

ஆனால் எல்லாச் சமையலுக்கும் இது முக்கியமில்லை. உப்புமாவுக்கு ரவை ஒரு டம்ளர், தண்ணீர் இரண்டரை டம்ளர் என்றால் டம்ளர் எதுவானாலும் ஒன்றுதான். கப்பும் எண்ணிக்கையும் ஒரே குறிப்பில் கலந்து வந்தால் மட்டும் உஷாராகுங்கள். ‘ஒன்றரை கப் மைதா, இரண்டு முட்டை, ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர்’ என்பதில் முட்டையும் ஸ்பூனும் கப்போடு சேர்ந்து பெருக்காது, சிறுக்காது. 200-க்கும் 250-க்கும் நடுவே கால் பங்கு மாவு கூடிவிடும்.

உங்கள் டம்ளரின் அளவைக் கண்டுபிடிக்கத் தராசு இருந்தால், காலி டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். எத்தனை கிராமோ அத்தனை மில்லி. தராசு இல்லையா? அரை லிட்டர் பால் பாக்கெட் போதும். பாலை அந்த டம்ளரால் அளந்து பாருங்கள்: சரியாக இரண்டரை டம்ளர் வந்தால் 200 மில்லி, இரண்டு வந்தால் 250. ஸ்பூனுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் 10 மில்லி ஊசிக்குழல் நல்லது. வீட்டில் ‘டீஸ்பூன்’ என்று புழங்குவது பல சமயம் 3 மில்லியோ 7 மில்லியோ பிடிக்கும். குறிப்புகளில் சொல்லும் டீஸ்பூன் 5 மில்லி, டேபிள் ஸ்பூன் 15 மில்லி. ஆஸ்திரேலியக் குறிப்பில் மட்டும் டேபிள் ஸ்பூன் 20 மில்லி.

கே: நீங்கள் ஏன் எப்போதும் ‘தலை தட்டி’ என்கிறீர்கள்? கோபுரமாக எடுத்தால் எவ்வளவுதான் கூடிவிடும்? – வாசகி, கும்பகோணம்

ப: பாத்திரத்தின் வாயைப் பொறுத்தது. அரிசியைக் குவித்தால் ஏறக்குறைய 30 டிகிரிச் சரிவில் நிற்கும். உயரமும் வாய் அகலமும் ஒன்றாக இருக்கும் டம்ளரில் அந்தக் கோபுரம் பத்தில் ஒரு பங்கைக் கூட்டும். உயரம் வாயில் பாதியே உள்ள அகன்ற கிண்ணத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூடும். மாவு இன்னும் செங்குத்தாக நிற்பதால் அதற்கு மேலும் கூடும். ஸ்பூனில் கேட்கவே வேண்டாம்: கோபுரமான ஒரு ஸ்பூன் மிளகாய்த்தூள் தலை தட்டிய இரண்டு ஸ்பூனுக்குச் சமம். கத்தியின் முதுகால் வழித்துவிடுங்கள்.

கே: அமெரிக்காவில் இருக்கும் மகள் கேக் குறிப்பு ஒன்று அனுப்பினாள். ‘2 கப் மாவு, 1 ஸ்டிக் வெண்ணெய், 8 அவுன்ஸ் க்ரீம் சீஸ்’ என்று இருக்கிறது. அவுன்ஸுக்கு 30 மில்லி என்று ஒரு கப்பில் 8 அவுன்ஸ் அளக்கலாமா? – வாசகி, சென்னை

ப: க்ரீம் சீஸில் தப்பித்துவிடுவீர்கள். அதை மாவுக்கும் செய்தீர்களோ, போச்சு.

அவுன்ஸில் இரண்டு உண்டு. எடை அவுன்ஸ் 28.35 கிராம், திரவ அவுன்ஸ், அமெரிக்கக் கணக்கில், 29.6 மில்லி. தண்ணீர், பால் போன்றவற்றுக்கு இரண்டும் ஒன்றுபோலவே வரும், அதனால்தான் குழப்பம். ‘8 அவுன்ஸ் மாவு’ என்று எழுதியிருந்தால் அது எடை: 227 கிராம். அதாவது இரண்டு கப்புக்குக் கொஞ்சம் குறைவு. ‘கப் என்றால் 8 அவுன்ஸ்தானே’ என்று ஒரு கப் மட்டும் போட்டால் பாதி மாவோடு கேக் நடுவில் குழிந்துவிடும். பொதுவாக, கெட்டிப் பொருளுக்கு அவுன்ஸ் போட்டிருந்தால் எடை, பால் தண்ணீருக்குப் போட்டிருந்தால் கொள்ளளவு என்று எடுத்துக்கொள்ளலாம்.

வெண்ணெய் ஸ்டிக் ஒன்று 113 கிராம். இங்கே 100 கிராம், 500 கிராம் கட்டிகள்தான் கிடைக்கும் என்பதால் தராசில் வைத்து வெட்டிக்கொள்ளுங்கள்.

மாவுதான் பெரிய தலைவலி. ஸ்பூனால் அள்ளிப் போட்டுத் தலை தட்டினால் ஒரு கப் மைதா 120 கிராம். கப்பை நேராக டப்பாவுக்குள் விட்டு அள்ளினால் 145, 150. இரண்டு கப் போடும்போது 50, 60 கிராம் மாவு கூடிப்போய், கேக் மேலே வெடித்து உள்ளே பொறைபோல உதிரும். பலரும் அடுப்புச் சூடு கூடிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். மகளிடம் ‘கப்பால் அள்ளுவாயா, ஸ்பூனால் போடுவாயா’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேட்க வழியில்லாவிட்டால் கப்புக்கு 125 கிராம் என்று தொடங்குங்கள். மாவுக்கலவை இளகலாகத் தெரிந்தால் ஒரு டேபிள் ஸ்பூன் சேர்க்கலாம், கூடிப்போனதை எடுக்க முடியாது.

முட்டையையும் கவனியுங்கள். அமெரிக்கக் குறிப்புகளில் சொல்லும் ‘லார்ஜ்’ முட்டை ஓடு நீக்கி 50 கிராம். நம்மூர்க் கடை முட்டை பெரும்பாலும் அதைவிடச் சிறியது. நாட்டுக்கோழி முட்டை இன்னும் சிறியது. உடைத்து எடை போட்டு, இரண்டு முட்டை கேட்டால் 100 கிராம் ஊற்றுங்கள். அங்கே கோஷர் உப்பு என்று ஒன்று உண்டு. செதில் செதிலாக இருக்கும். டீஸ்பூனுக்கு 3 முதல் 5 கிராம்தான். நம் பொடி உப்பு டீஸ்பூன் 6 கிராம். அப்படியே மாற்றிப் போட்டால் கரிக்கும்.

கே: ஒரு லிட்டர் எண்ணெய் கவரில் 910 கிராம் என்று போட்டிருக்கிறது. ஏமாற்றுகிறார்களா? – வாசகர், ஈரோடு

ப: இல்லை. எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. நம்மூர் வெப்பநிலையில் ஒரு லிட்டர் சுமார் 910 கிராம்தான். கவனிக்க வேண்டியது வேறு. சில கம்பெனிகள் 60 டிகிரி வரை சூட்டில் அளந்ததாக அச்சடித்துவந்தன. சூட்டில் எண்ணெய் விரியும், அதனால் அதே ‘ஒரு லிட்டரில்’ 20 கிராம் வரை குறைவாக அடைக்க முடிந்தது. வெப்பநிலையைக் குறிப்பிடாமல் லிட்டரையும் கிராமையும் சரியாகப் போடச் சொல்லி 2022-ல் ஒன்றிய அரசின் நுகர்வோர் துறை உத்தரவிட்டது. இப்போது 910-க்குக் குறைந்த கவர்களும் கடையில் இருப்பதால், முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காமல் கிராமைப் பாருங்கள்.

செக்கெண்ணெய் வாங்கும்போது இந்தக் கணக்கு உதவும். ஒரு கடையில் லிட்டர் 400 ரூபாய், இன்னொன்றில் கிலோ 430 என்றால் எது மலிவு? 400-ஐ 0.91-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 440. ஆக கிலோ கடைதான் மலிவு. விசேஷத்துக்கு டின் வாங்குபவர்களும் 15 லிட்டர் டின்னா, 15 கிலோ டின்னா என்று கேட்க வேண்டும். 15 லிட்டரில் எண்ணெய் 13 கிலோ 650 கிராம்தான்.

கே: வீட்டில் சீரகச் சம்பா பிரியாணிக்கு ஒரு டம்ளர் அரிசிக்கு ஒன்றரை டம்ளர் தண்ணீர். ஐம்பது பேருக்கு 5 கிலோ அரிசி போடப் போகிறோம். ஏழரை லிட்டர் தண்ணீர் சரியா? – வாசகர், திண்டுக்கல்

ப: போதாது. நல்லவேளை, முன்கூட்டியே கேட்டீர்கள்.

ஒரு கிலோ அரிசி ஒரு லிட்டர் இடத்தில் அடங்காது. குறுகிய, உருண்ட ரகம் 1.2 லிட்டர் வரை இடம் பிடிக்கும். நீண்ட பாசுமதி 1.3 லிட்டருக்குப் போகும். 5 கிலோ சீரகச் சம்பாவை டம்ளரால் அளந்தால் ஏறக்குறைய 6 லிட்டர் வரும். ஒன்றரைப் பங்கு தண்ணீர் என்றால் 9 லிட்டர். கிலோவையும் லிட்டரையும் ஒன்றாகப் பாவித்ததால் ஒன்றரை லிட்டர் குறைந்துவிட்டது. அரிசி நறுக்கரிசியாக நிற்கும்.

அதற்காக 9 லிட்டரையும் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றிவிடவும் கூடாது. வீட்டுக் குண்டானில் ஆவியாகும் தண்ணீர் பங்கு அதிகம். பெரிய அண்டாவில் அரிசியின் அளவோடு ஒப்பிட்டால் அது குறைவு. தயிரும் தக்காளியும் தண்ணீர்க் கணக்கில் சேரும்: ஒரு கிலோ தயிரில் 850 கிராமுக்கு மேல் தண்ணீர்தான். வீட்டில் செய்யும்போது இவற்றைக் கணக்கில் சேர்க்காமல் ஒன்றரை ஊற்றுவீர்களானால், அதே விகிதத்தில் இவற்றைப் போடும்வரை பிரச்சினை இல்லை. கூட்டினால் தண்ணீரைக் குறைக்க வேண்டும். ஆக 8 லிட்டரில் தொடங்கி, ஒரு லிட்டரைக் கொதிக்கக் கொதிக்கப் பக்கத்து அடுப்பில் வைத்திருங்கள். அரிசி முக்கால் பதம் வெந்து தண்ணீர் மேலே தெரியாமல் போகும்போது ஒரு பருக்கையை நசுக்கிப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி பெரிதாக இருந்தால் மீதியை ஊற்றி தம் போடலாம். பச்சைத் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள்; சூடு இறங்கி, மேல்பரப்பு குழைந்து உள்ளே வேகாமல் நிற்கும்.

வெறும் சோறு வடிக்காமல் குக்கரில் வைப்பவர்களுக்கு: ஒன்றுக்கு இரண்டு என்றால் கிலோவுக்கு 2 லிட்டர் 400 மில்லி, ஒன்றுக்கு இரண்டரை என்றால் 3 லிட்டர்.

கே: இட்லிக்கு நாலுக்கு ஒன்று என்பது படிக் கணக்கு. கிலோவில் எப்படி மாற்றுவது? – வாசகி, நாமக்கல்

ப: மாற்றவே வேண்டாம். இட்லி அரிசியும் முழு உளுந்தும் கப்புக்கு 195, 200 கிராம் என்று ஏறத்தாழ ஒரே எடை. 4 கிலோவுக்கு 1 கிலோ என்றே போடலாம். தானியத்துக்குத் தானியம் இப்படி ஒத்துப்போகும். தானியத்துக்கு மாவோ, மாவுக்கு நெய்யோ என்று வரும்போதுதான் உதைக்கும். அவல் சேர்ப்பவர்கள் அதை மட்டும் கப்பிலேயே அளக்கட்டும், அது பஞ்சு போல.

கே: பாட்டியின் பழைய நோட்டில் ‘உழக்கு’, ‘வீசை’, ‘பலம்’, ‘சேர்’ என்றெல்லாம் இருக்கிறது. இன்றைய அளவில் சொல்வீர்களா? – வாசகி, காரைக்குடி

ப: முதலில் முகத்தல். புத்தகக் கணக்கில் ஆழாக்கு 168 மில்லி. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, 336 மில்லி. இரண்டு உழக்கு ஒரு உரி, 672 மில்லி. இரண்டு உரி ஒரு படி, 1 லிட்டர் 344 மில்லி. நோட்டில் ‘அரைக்கால் படி’ என்றிருந்தால் அது ஆழாக்கு, ‘கால் படி’ உழக்கு, ‘அரைப்படி’ உரி. எட்டுப் படி ஒரு மரக்கால்.

ஆனால் இந்தப் படி எல்லா ஊரிலும் ஒன்றில்லை. பட்டணத்துப் படி இதைவிடப் பெரியது. தலை தட்டிய படி அரிசி 1 கிலோ 100 கிராம் என்று ஒருவரும், ஒன்றரைக் கிலோ என்று இன்னொருவரும் அடித்துச் சொல்வது இதனால்தான். இருவர் கையிலும் வேறு வேறு படி. போதாததற்கு, நெல்லும் அரிசியும் கோபுரமாக அளப்பது வழக்கம். பாட்டியின் உழக்கு இன்னும் வீட்டில் இருந்தால் புத்தகத்தை மூடிவிட்டு அதில் தண்ணீர் ஊற்றி அளந்துவிடுங்கள். யாழ்ப்பாணத்தில் அரிசி அளக்கும் ‘சுண்டு’ என்ற அளவைக்கும் இதே வழிதான்.

இனி நிறுத்தல். பலம் 35 கிராம். 40 பலம் ஒரு வீசை, 1 கிலோ 400 கிராம். எட்டு வீசை ஒரு மணங்கு, 11 கிலோ 200 கிராம். கண்ணி வைப்பது சேர்தான். சென்னை மாகாணத்துச் சேர் எட்டுப் பலம், அதாவது 280 கிராம். வீசையில் ஐந்தில் ஒன்று. வடக்கே புழங்கிய சேர் 80 தோலா, 933 கிராம். தமிழ் நோட்டில் சேர் வந்தால் 280 என்று எடுத்துக்கொண்டு, மற்றப் பொருள்களோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். ஒரு வீசை மாங்காய்க்கு ஒரு சேர் உப்பு என்றால் 1400-க்கு 280, ஐந்தில் ஒரு பங்கு. ஊறுகாய்க்கு நியாயமான உப்பு. அதையே 933 என்று போட்டால் வாயில் வைக்க முடியாது. மெட்ரிக் முறைக்கான சட்டம் 1956-ல்தான் வந்தது. அதன் பிறகும் பல ஆண்டுகள் அடுப்படியில் வீசையும் பலமும்தான் ஓடின. ஆகவே 60-களில் எழுதிய நோட்டில் கிராமும் பலமும் பக்கத்துப் பக்கத்துப் பக்கங்களில் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

கே: ஊறுகாய்க்குக் கல் உப்புக்குப் பதில் பொடி உப்பு போடலாமா? அளவு? – வாசகி, தென்காசி

ப: போடலாம், எடையில் மட்டும். பொடி உப்பு ஒரு கப் 290 கிராம். கல் உப்பு, கல்லின் பருமனைப் பொறுத்து, 40, 60 கிராம் குறைவாகப் பிடிக்கும். கப்புக்குக் கப் மாற்றினால் கரிக்கும். திருப்பிச் செய்வதுதான் ஆபத்து: பொடி உப்புக்குச் சொன்ன கப்பில் கல் உப்பை அளந்தால் உப்பு குறைந்து பூஞ்சை பிடிக்கும்.

கே: மில்லில் ஈர அரிசி மாவு ஒரு கிலோ வாங்கி, முக்கால் கிலோ வெல்லத்தில் அதிரசம் சுட்டேன். எண்ணெயில் போட்டதும் பிரிந்து கரைந்தது. அரிசிக்குச் சொன்ன அளவுதானே போட்டேன்? – வாசகி, திருநெல்வேலி

ப: கிலோவுக்கு முக்கால் என்பது காய்ந்த பச்சரிசியின் எடைக்குச் சொன்னது. ஊறி, வடிந்து, நிழலில் உலர்ந்து அரைபடும் அரிசி தன் எடையில் கால் பங்கு தண்ணீரைக் குடித்திருக்கும். ஒரு கிலோ அரிசி போட்டால் ஈர மாவு ஒன்றேகால் கிலோ வரும். நீங்கள் வாங்கிய ஒரு கிலோவில் அரிசி 800 கிராம்தான்; அதற்கு வெல்லம் 600 கிராம். 150 கிராம் கூடிவிட்டது. வெல்லம் மிஞ்சிய மாவு எண்ணெயில் நிற்காது.

வீட்டில் ஊறவைப்பவர்கள் அரைக்கக் கொடுக்கும் முன் அரிசியை இன்னொரு தரம் நிறுத்தால் ஈரம் தெரிந்துவிடும். கிலோ 1250-ஐ ஒட்டி நின்றால் சரி. 1350-ஐத் தொட்டால் இன்னும் கொஞ்சம் நிழலில் பரப்புங்கள்.

வெல்லத்தைக் கப்பில் அளக்கச் சொல்லும் குறிப்பை நம்பாதீர்கள். துருவி லேசாகப் போட்டால் ஒரு கப் 150 கிராம், நசுக்கி அமுக்கினால் 200-ஐத் தாண்டும், கட்டியாகப் போட்டால் இரண்டும் இல்லை. மண் வடிகட்டுவதில் போகும் எடை தனி. பாகு உருட்டுப் பதம் வந்து மாவைக் கலக்கும்போதே எல்லாவற்றையும் ஊற்றிவிடாமல் ஒரு கரண்டிப் பாகை நிறுத்திவையுங்கள். மறுநாள் ஒன்றைத் தட்டிப் போட்டுப் பார்த்துவிட்டு, விறைப்பாக இருந்தால் அதைச் சூடாக்கிச் சேர்க்கலாம்.

கே: 500 ரூபாய்க்கு டிஜிட்டல் தராசு வாங்கினேன். சமையல் சோடா 3 கிராம் போட்டால் பூஜ்யமே காட்டுகிறது. பழுதா? – வாசகர், கோயம்புத்தூர்

ப: பழுதில்லை. இந்தத் தராசுகள் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும் சின்னச் சின்ன மாற்றங்களை, ‘காற்றடிக்கிறது’ என்று எடுத்துக்கொண்டு தாமே அழித்துவிடும். சிட்டிகை சிட்டிகையாகத் தூவினால் ஒவ்வொன்றும் அழிந்துகொண்டே போகும். கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்காமல், கிண்ணத்தின் எடை திரையில் இருக்கும்போதே போடுங்கள்: 124 காட்டினால் 127 வரும்வரை. எப்படியும் 5 கிராமுக்குக் கீழே இவை துல்லியமில்லை. சோடா, ஈஸ்ட் போன்றவற்றுக்கு அளவு ஸ்பூனே மேல். சோடா டீஸ்பூன் 5 கிராம். உடனடி ஈஸ்ட் டீஸ்பூன் 3 கிராம். 7 கிராம் பாக்கெட் இரண்டேகால் டீஸ்பூன்.

தராசைச் சோதிக்கப் பத்து ரூபாய் நாணயம் உதவும். ஒன்று 7.7 கிராம், 13 நாணயம் வைத்தால் 100 கிராம் காட்ட வேண்டும். 99-ஓ 101-ஓ காட்டினால் விட்டுவிடுங்கள். தினம் ஒரு எண் காட்டினால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள், பிறகு மேடை சமமா என்று பாருங்கள். வேலை முடிந்ததும் அதன்மேல் டப்பாக்களை அடுக்கி வைக்காதீர்கள். உள்ளிருக்கும் தகடு வளைந்துவிடும்.

கே: கத்தரித்து ஒட்டிக்கொள்ள ஒரே பட்டியலாகத் தர முடியுமா? – பல வாசகர்கள்

ப: ஒரு கப், தலை தட்டியது, கிராமில்: பச்சரிசி, துவரம் பருப்பு, உளுந்து, சர்க்கரை எல்லாம் 200-ஐ ஒட்டி. ரவை 170. மைதா, கோதுமை மாவு 120 முதல் 130. கடலை மாவு 105. பொடித்த சர்க்கரை 120. பால் 247, தயிர் 245. எண்ணெய், உருக்கிய நெய் 220. தேன் 340. பச்சை நிலக்கடலை 145, முழு முந்திரி 135. தேங்காய்த் துருவல் 85, அமுக்காமல். டீஸ்பூனில்: மஞ்சள்தூள் 3, மிளகாய்த்தூள் இரண்டரை, சீரகம் 2, கடுகு 3, வெந்தயம் 4. உங்கள் வீட்டு மாவு இதிலிருந்து ஐந்து பத்து கிராம் விலகினால் உங்கள் எண்ணையே எழுதி ஒட்டுங்கள்.

கே: ‘ஒரு மூடித் தேங்காய், எலுமிச்சை அளவு புளி’ – இதற்கு எடை உண்டா? – வாசகர், பெங்களூரு

ப: நடுத்தரக் காயில் ஒரு மூடியைத் துருவினால் 120 முதல் 150 கிராம், ஒன்றரை கப் என்று வையுங்கள். எலுமிச்சை அளவு புளி 25 முதல் 30 கிராம், நெல்லிக்காய் அளவு 10 முதல் 15. இது கொட்டையும் நாரும் நீக்கிய புளிக்கு. கொட்டைப் புளியென்றால் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கொட்டைக்கும் நாருக்கும் போய்விடும். கருத்த பழம்புளி என்றால் கரைசலை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். புதுப்புளிக்குச் சொன்ன அளவு அதற்குப் பொருந்தாது.